ஹோம் லோனோட சேத்து பேங்க்ல குடுத்த வீட்டு இன்ஷூரன்ஸ் கோட் (கொட்டேஷன்), 41,300 ரூபா. இது நியாயமா?

மாடிவீடு_மேடவாக்கம்:

வணக்கம் மக்களே. மேடவாக்கத்துல ஒரு ரீசேல் ஃபிளாட் முடிச்சிருக்கோம், ரெண்டாவது மாடி, டபுள் பெட்ரூம், பத்து வருஷ பில்டிங். வெல 72 லட்சம், லோன் 50 லட்சம், 20 வருஷம். அடுத்த வாரம் ரிஜிஸ்ட்ரேஷன். நேத்து பேங்க்ல கையெழுத்து போட கூப்டப்ப அம்பது அறுபது பேப்பருக்கு நடுவுல ஒண்ண நீட்டி "இது ஹோம் இன்ஷூரன்ஸ் சார், கம்பல்சரி, அஞ்சு வருஷத்துக்கு 41,300, நீங்க கையிலேந்து ஒண்ணும் கட்ட வேணாம், லோன்லயே சேத்துருவோம்"னு சொன்னாங்க. நான் போடல, வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னு எந்திரிச்சி வந்துட்டேன், அதுக்கே அந்த ஆபீசர் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. வருஷத்துக்குப் பாத்தா 8,260 வருது. 72 லட்சம் வீட்டுக்கு அது கம்மி மாதிரியும் இருக்கு, ஜாஸ்தி மாதிரியும் இருக்கு. இத எப்படித்தான் கணக்கு போட்டு பாக்கறது? காருக்குன்னா நாலு பேர கேக்கலாம், வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தவன்னு என் சொந்தத்துல ஒருத்தன் கூட இல்ல.

சும்மா_எட்டிபாத்தேன்:

கம்பல்சரின்னு சொன்னாலே பாதி பொய்னு அர்த்தம். ஓடிருங்க.

கோவைக்காரன்:

நானு ஆன்லைன்ல 50 லட்சத்துக்கு எடுத்தனுங்க, வருசத்துக்கு ஆயிரத்து சொச்சந்தானுங்க. உங்களுக்கு எட்டாயிரமா? நல்லா மொளகா அரைக்கறாங்க.

வட்டிக்கணக்கு:

கோட் நியாயமா இல்லையாங்கறது அப்புறம், மொதல்ல அந்த "லோன்லயே சேத்துருவோம்" வேணாம்னு சொல்லுங்க. 8.5 பர்சென்ட்ல 20 வருஷம்னா 41,300க்கு EMI மாசம் 358 ரூபா, 240 மாசம் கட்டுனா 86 ஆயிரம். பாலிசி அஞ்சு வருஷத்துல முடிஞ்சிரும், அதுக்கான தவணைய இருவது வருஷம் கட்டிட்டு இருப்பீங்க. ஆறாவது வருஷம் புது பாலிசிக்கு மறுபடி காசு.

மாடிவீடு_மேடவாக்கம்:

@வட்டிக்கணக்கு யோவ்!! இத நான் யோசிக்கவே இல்ல. மாசம் 358 தானேன்னு அவரும் சொன்னாரு, நானும் சரின்னு தலையாட்டுனேன்.

பழைய_சர்வேயர்:

தம்பி, முப்பது வருஷத்துக்கும் மேல ஃபயர் சர்வேயரா, அதாவது க்ளைம் வந்தா நஷ்டத்த அளந்து எழுதறவனா இருந்தவன், இப்ப ரிட்டயர்டு. மொத்தத் தொகைய வெச்சிக்கிட்டு நியாயமா இல்லையான்னு என்னால மட்டும் இல்ல, யாராலயும் சொல்ல முடியாது. 41,300ங்கறது ஒரு வெல இல்ல, ஏழெட்டு வெலைய ஒரே பையில போட்டு முடிச்சி போட்டது. முடிச்ச அவுருங்க. பில்டிங்குக்கு எவ்ளோ, பொருளுக்கு எவ்ளோ, நகைக்கு எவ்ளோ, திருட்டுக்கு எவ்ளோ, ஜிஎஸ்டி எவ்ளோன்னு தனித்தனியா கேட்டு வாங்குங்க. எழுத்துல குடுக்க மாட்டேன்னா அதுவே ஒரு பதில்தான். கூடவே உங்க ஃபிளாட்டோட கார்பெட் ஏரியாவும் சொல்லுங்க, செவுத்துக்குள்ள நீங்க புழங்கற எடம். படிக்கட்டு, லிஃப்ட்டுன்னு பொது எடத்தையும் சேத்த சூப்பர் பில்ட்அப் வேணாம்.

@கோவைக்காரன் உங்க ஆயிரத்து சொச்சத்துல வீட்டுப் பொருளுக்கு எவ்ளோ போட்டிருக்காங்க? பாலிசி ஷெட்யூல எடுத்துப் பாத்துட்டு சொல்லுங்க.

வாடகை_வாசி:

ஒரு சின்ன கேள்வி, வாடகைக்கு இருக்கறவங்க எடுக்கலாமா? ஓனர் எடுத்திருந்தா எங்க பொருளுக்கும் சேந்து வருமா?

பழைய_சர்வேயர்:

@வாடகை_வாசி வராது. ஓனர் எடுத்தது செவுத்துக்கும் கூரைக்கும். உங்க டிவி, பீரோ, துணிமணிக்கு நீங்கதான் எடுக்கணும், பொருளுக்கு மட்டும் தனியா எடுக்கலாம்.

கோவைக்காரன்:

அய்யா பாத்தனுங்க. கன்டென்ட்ஸ்னு (வீட்டுப் பொருளு) போட்டு பக்கத்துல 'நில்'னு, ஒண்ணுமில்லீன்னு இருக்குதுங்க. நா எல்லாஞ் சேந்ததுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தன் 😐

பழைய_சர்வேயர்:

உங்க மேல தப்பு இல்ல. வெப்சைட்ல சீப்பா காட்டறதுக்கு அந்த டிக்க எடுத்துட்டு காட்டுவாங்க.

மாடிவீடு_மேடவாக்கம்:

ரெண்டு நாள் கழிச்சி வரேன், சாரி. பேங்க்ல கேட்டா மெயில் அனுப்பறேன்னாங்க, அனுப்பல, மறுபடி போயி நின்னு வாங்கிட்டு வந்தேன். அஞ்சு வருஷத்துக்கு மொத்தமா:

பில்டிங் 72 லட்சம் – 9,000
வீட்டுப் பொருள் 10 லட்சம் – 2,500
திருட்டு, கன்னம் 10 லட்சம் – 5,000
நகை 5 லட்சம் – 8,500
பெர்சனல் ஆக்சிடென்ட், எனக்கும் வைஃபுக்கும் ஆளுக்கு 5 லட்சம் – 5,000
மின் சாதனம் பிரேக்டவுன் – 5,000
ஆக 35,000, ஜிஎஸ்டி 18 பர்சென்ட் 6,300, மொத்தம் 41,300.

கார்பெட் ஏரியா 780 சதுர அடி. சூப்பர் பில்ட்அப் 1,050. ஜிஎஸ்டி இப்ப இன்ஷூரன்சுக்கு கெடையாதுன்னு நியூஸ்ல பாத்தேனே? அதயும் சேத்து ஏமாத்தறாங்களா?

ஏஜென்ட்_ஒருத்தன்:

வீட்டு இன்ஷூரன்சுக்கு ஜிஎஸ்டி விஷயத்துல பேங்க் சொல்றது சரி சார். 2025 செப்டம்பர் 22லேந்து எடுத்தது தனிநபர் லைஃபுக்கும் ஹெல்த்துக்கும் மட்டும். வீடு, கார், கடைக்கெல்லாம் 18 அப்படியேதான் இருக்கு. எனக்கும் தெனம் நாலு பேர் இதக் கேட்டு சண்டை போடறாங்க.

பழைய_சர்வேயர்:

இப்ப ஆச்சு. வரிசையா வரேன், நீளமா போகும், டீ போட்டு வெச்சிக்கிட்டு படிங்க.

மொதல்ல ரேட். எங்க தொழில்ல ஆயிரத்துக்கு எவ்ளோன்னுதான் பேசுவோம், பெர் மில்னு சொல்றது. உங்க பில்டிங் 9,000, அஞ்சால வகுத்தா வருஷத்துக்கு 1,800. 72 லட்சத்துல 7,200 ஆயிரம் இருக்கு. 1,800ஐ 7,200ஆல வகுத்தா ஆயிரத்துக்கு 25 பைசா. நெருப்பு, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாத்தையும் சேத்து ஆயிரம் ரூபா சொத்துக்கு வருஷத்துக்கு கால் ரூபா. இதுல ஒரு கொள்ளையும் இல்ல. சென்னைய 2002ல பூகம்ப மேப்ல ஜோன் 2லேந்து 3க்கு ஏத்துனாங்க, வெள்ளம் உங்க ஏரியாவுக்கு சொல்லவே வேணாம், ஆக இந்த ரேட்ட நான் கொற சொல்ல மாட்டேன்.

கொற எங்கன்னா அந்த 72 லட்சத்துல. அது நீங்க வாங்கின வெல. அதுல உங்க பங்கு நெலம், யூடிஎஸ், இருக்கு, மேடவாக்கம் ஜங்ஷன் கிட்ட இருக்குங்கறதுக்கான காசு இருக்கு, பில்டரோட லாபம் இருக்கு, ஏற்கனவே இருந்தவரு போட்ட ஆச வெலையும் இருக்கு. வீடு முழுசா எரிஞ்சி போனாலும் நெலம் எரியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி குடுக்கறது திருப்பிக் கட்ட ஆகற செலவு மட்டுந்தான். இப்ப எல்லா கம்பெனியும் விக்கறது பாரத் க்ருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி பாலிசி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ 2021 ஏப்ரல் 1லேந்து கொண்டாந்தது. அதுல கணக்கே கார்பெட் ஏரியாவ கட்டுமான ரேட்டால பெருக்குன்னுதான் எழுதியிருக்கு. கான்ட்ராக்டர்ங்க சொல்ற ரேட் பில்ட்அப்புக்கு, அதனால கார்பெட்டுக்கு கொஞ்சம் ஏத்திப் போடணும். 2,800 வெச்சிக்கோங்க, 780ஆல பெருக்குனா 21,84,000. கிச்சன் கப்போர்டு, வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங்னு செவுத்தோட ஒட்டுனதெல்லாம் பில்டிங் கணக்குலதான் வரும், அதுக்கும் சேத்து தாராளமா 30 லட்சம். 72க்கு பிரீமியம் கட்டுனா 72 குடுப்பாங்கன்னு நெனச்சிட்டு இருப்பீங்க, நாளைக்கி என்ன மாதிரி ஒருத்தன் டேப்போட வந்து நிப்பான், அவன் எழுதப் போறது இருவத்தி சொச்சந்தான். மிச்சத்துக்கு கட்டுன காசு கோயில் உண்டியல்.

வட்டிக்கணக்கு:

ஆனா அய்யா, கொறச்சி போட்டு நாளைக்கி கட்டுமான செலவு ஏறிடுச்சின்னா? பாதிக்கு இன்ஷூர் பண்ணா பாதி நஷ்டந்தான் தருவான்னு எங்கப்பா சொல்லுவாரே?

பழைய_சர்வேயர்:

உங்கப்பா சொன்னது சரி, பழைய பாலிசிக்கு. அதுக்குப் பேரு ஆவரேஜ். 40 லட்சம் வீட்ட 20க்கு போட்டு வெச்சிருப்பான், ஒரு ரூம் மட்டும் எரிஞ்சி 4 லட்சம் நஷ்டம்னு வந்தா 2தான் கையில. நானே எத்தனையோ பேருக்கு அந்தக் கணக்க எழுதி அவங்க சாபத்த வாங்கியிருக்கேன். க்ருஹ ரக்ஷாவுல அத எடுத்துட்டாங்க. போட்ட தொகை வரைக்கும் முழு நஷ்டமும் வரும். ஏரியாவ மட்டும் பொய் சொல்லாதீங்க. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல எடுத்தா சம் இன்ஷூர்டு, அதாவது இன்ஷூர் பண்ண தொகை, வருஷா வருஷம் 10 பர்சென்ட் தானா ஏறும், அதுக்கு மேல காசு கேக்க மாட்டாங்க, ஆரம்பத் தொகைக்கு இன்னொரு மடங்கு வரைக்கும். அதனால நீள பாலிசி எடுக்கறது தப்பில்ல. லோன்ல சேக்கறதுதான் தப்பு.

சும்மா_எட்டிபாத்தேன்:

டீ ஆறிப் போச்சு ஆனா படிச்சிட்டேன். ஆக 9,000 இருக்கற எடத்துல 3,750 ஆகும், அவ்ளோதானே? இதுக்கா இவ்ளோ பஞ்சாயத்து? மிச்சம் 26,000 எங்க போகுது?

முடிச்சூர்_அக்கா:

அத அய்யா சொல்லட்டும் தம்பி. அதுக்கு முன்னாடி ஒண்ணு, எல்லாரும் எதக் கொறைக்கலாம்னே பேசறீங்க. நாங்க முடிச்சூர்ல தனி வீடு, கீழ்த்தளம். 2015 டிசம்பர்ல ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள நெஞ்சளவு. இன்ஷூரன்ஸா, அப்படின்னா என்னன்னு இருந்தோம். ஒத்த பைசா யார்கிட்டயும் வரல, கவர்மென்ட் குடுத்த நிவாரணம் தவிர. அப்புறம் 2021ல எம் பொண்ணு பிடிவாதமா எடுத்து வெச்சா. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மறுபடி இடுப்பளவு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ரெண்டு கட்டில், சோபா, இன்வெர்ட்டர், பீரோவுக்குள்ள இருந்த பட்டுப் பொடவ வரைக்கும். 3,40,000 கேட்டோம், 2,58,000 வந்துச்சு. வெட்டுனது எதுன்னா ஸ்கூட்டி, அது வண்டி இன்ஷூரன்ஸ்ல கேக்கணுமாம், நாங்க தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தோம். அப்புறம் காம்பவுண்ட் சுவர் பதினஞ்சடி சாஞ்சிடுச்சு, சுவத்த ஃபார்ம்ல நாங்க எழுதவே இல்ல.

சர்வேயர் வரவே ஒன்பது நாள் ஆச்சு. அதுக்குள்ள நாத்தம் தாங்காம மெத்தைய தூக்கி ரோட்டுல போட்டுட்டோம், நல்லவேளையா பொண்ணு போட்டோ எடுத்து வெச்சிருந்தா, செவுத்துல தண்ணி நின்ன கோடு தெரியற மாதிரி ஒவ்வொரு ரூம்லயும். அந்தக் கோடுதான் எங்களுக்கு காசு வாங்கிக் குடுத்துச்சு.

தாமிரபரணி:

அக்கா சொல்லுதது நூத்துக்கு நூறு. எங்கூர்ல வெள்ளம் வரும்னு ஏஜென்ட் சொன்னப்போ சிரிச்சோம்லா. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். நான் இருக்கது ஏரல் பக்கம். ஆறு எங்க இருக்கு ரோடு எங்க இருக்குன்னே தெரியல. வருசத்துக்கு ரெண்டாயிரம் தண்டம்னு விட்டவன், ஏழு லச்சத்துக்கு மேல போச்சு. நியாயமான வெலயான்னு கேக்கது சரிதான் அண்ணாச்சி, ஆனா அதையே கேட்டுக்கிட்டு மூணு வருசம் எடுக்காம இருந்துராதிய.

பழைய_சர்வேயர்:

அக்கா, அந்த போட்டோ எடுத்த பொண்ணுக்கு என் வணக்கம். சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி பொருள தூக்கி எறிஞ்சிட்டு கையில ஒண்ணும் இல்லாம நிக்கறவங்கதான் ஜாஸ்தி.

மிச்சம் 26,000 கேட்டாரே, சொல்றேன். வீட்டுப் பொருள் 10 லட்சத்துக்கு 2,500, ஆயிரத்துக்கு 50 பைசா, சரிதான். பில்டிங்கும் பொருளும் சேத்து எடுக்கறப்ப பில்டிங் தொகையில 20 பர்சென்ட் வரைக்கும், அதிகபட்சம் 10 லட்சம், பொருளுக்கு தானா கவர் வரும், லிஸ்ட் கூட கேக்க மாட்டாங்க. பில்டிங்க 30க்கு கொறச்சா இது 6 லட்சமா எறங்கும். அதுக்கு மேல வேணும்னா லிஸ்ட் எழுதிக் குடுத்து ஏத்தணும். இத மறந்துட்டு பில்டிங்க கொறச்சேன்னு சந்தோஷப்படாதீங்க. உங்க வீட்டுப் பொருள் எவ்ளோ தேறும்னு ஒரு நாயித்துக்கெழம ரூம் ரூமா போயி எழுதிப் பாருங்க, இன்னிக்கி கடையில வாங்குனா என்ன வெலயோ அத.

திருட்டு, இத விடாதீங்க. நெறைய பேருக்குத் தெரியாது, க்ருஹ ரக்ஷாவோட மூலப் பாலிசில திருட்டு கெடையாது. வெள்ளமோ தீயோ வந்து அதுக்கப்புறம் ஏழு நாளுக்குள்ள திருடு போனா மட்டுந்தான் வரும். சும்மா ஒரு நாள் ஊருக்குப் போயிட்டு வர்றப்ப பூட்ட ஒடச்சிருந்தான்னா, தனியா எடுத்திருந்தாதான் உண்டு. ஆயிரத்துக்கு ஒரு ரூபா கேக்கறாங்க, கேக்கலாம். ஆனா வீடு தொடர்ச்சியா எத்தன நாள் பூட்டி இருந்தா கவர் போயிடும்னும் தேய்மானம் கழிப்பாங்களான்னும் படிச்சிப் பாருங்க, அது ஆட்ஆன், மூலப் பாலிசியோட தனியா காசு கட்டி சேக்கறதுங்கறதால கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மின் சாதனம் பிரேக்டவுன் 5,000 எனக்குப் புடிக்கல. மூலப் பாலிசில ஷார்ட் சர்க்யூட்டாலயோ வோல்டேஜாலயோ ஒரு மெஷின் கருகுனா அந்த மெஷினுக்குக் காசு வராது, அதுலேந்து தீ பரவி பக்கத்துல எரிஞ்சதுக்கு வரும். அந்த ஓட்டைய அடைக்கத்தான் இந்த ஆட்ஆன். ஆனா பத்து வருஷத்துக்கு மேல ஆன பொருள் எடுக்க மாட்டேன், எக்சஸ், அதாவது நஷ்டத்துல நீங்க ஏத்துக்க வேண்டிய பங்கு, இவ்ளோன்னு ஆயிரம் கண்டிஷன் இருக்கும். ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிட்டு போயிடலாம்.

ஏஜென்ட்_ஒருத்தன்:

அய்யா மன்னிக்கணும், எல்லாத்தையும் வெட்டச் சொல்றது சரியில்ல. எங்க கஸ்டமர் ஒருத்தருக்கு வோல்டேஜ் ஏறி டிவி, ஏசி ரெண்டு, மதர்போர்டு எல்லாம் ஒரே ராத்திரில போச்சு, அந்த ஆட்ஆன் இருந்ததாலதான் தப்பிச்சாரு. வேணும்னா என்கிட்ட வாங்க, கமிஷன்ல பாதி விட்டுத் தரேன், 35க்கு இதையே முடிச்சி தரேன்.

பழைய_சர்வேயர்:

தம்பி, பொதுவுல எழுதாதீங்க இத. இன்ஷூரன்ஸ் சட்டம் 41வது பிரிவு, கமிஷன திருப்பிக் குடுக்கறதும் வாங்கறதும் ரெண்டுமே குத்தம், அபராதம் 10 லட்சம் வரைக்கும்.

ஏஜென்ட்_ஒருத்தன்:

சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன் அய்யா 🙏

சும்மா_எட்டிபாத்தேன்:

😂😂😂

மாடிவீடு_மேடவாக்கம்:

சரி நகை? 5 லட்சத்துக்கு 8,500. வைஃபோட நகை முக்காவாசி லாக்கர்லதான் இருக்கு. லாக்கர்ல இருக்கறதுக்கு பேங்கே பொறுப்புதானே, அப்ப எதுக்கு தனியா?

வட்டிக்கணக்கு:

லாக்கர்ல போச்சின்னா பேங்க் பொறுப்பு ஒரு வருஷ வாடகையப் போல நூறு மடங்கு, அவ்ளோதான், 2022 ஜனவரிலேந்து ரிசர்வ் பேங்க் விதி. அதுவும் தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிஞ்சது, ஸ்டாஃப் மோசடி இதுக்கு. உங்க லாக்கர் வாடகை 2,000ன்னா அதிகபட்சம் 2 லட்சம். வெள்ளம், பூகம்பம் மாதிரி இயற்கையா வந்ததுக்கு அதுவும் கெடையாது.

முடிச்சூர்_அக்கா:

லாக்கர்ல இருக்கறது இருக்கட்டும் தம்பி, கழுத்துல கெடக்கறது? வீட்ல எவ்ளோ வெச்சிருக்காங்களோ அதுக்கு மட்டும் எடுங்க. சவரன் விக்கற வெலைக்கு அஞ்சு லட்சம்லாம் ஒரு ஆரம், ஒரு ஜோடி வளையல். உங்க வீட்டம்மாவக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, நீங்களா வெட்டிடாதீங்க.

பழைய_சர்வேயர்:

அக்கா சொல்றத கேளுங்க. கூட ஒண்ணு, நகைக்கு வேல்யூவேஷன் சர்டிஃபிகேட் கேப்பாங்க. மொத்தம் 5 லட்சத்துக்குள்ள இருந்து, ஒரு நகையும் ஒரு லட்சத்துக்கு மேல போகலன்னா கேக்க மாட்டாங்க. இன்னிக்கி வெலைக்கு ஒரு லட்சத்துக்குள்ள என்ன நகை கெடைக்கும்ங்கறது வேற கத. அதனால 5 லட்சம்னு ரவுண்டா போட்டு குடுத்திருக்காரே அந்த ஆபீசர், உங்ககிட்ட எந்த நகைன்னு ஒரு வார்த்த கேட்டாரா?

மாடிவீடு_மேடவாக்கம்:

கேக்கல. கார்பெட் ஏரியா கூட கேக்கல. அந்த ஃபார்ம்ல எல்லாமே ஏற்கனவே டைப் அடிச்சி வெச்சிருந்தாங்க, 72 லட்சம்கறது சேல் அக்ரிமென்ட்லேந்து எடுத்திருக்காங்க போல.

பழைய_சர்வேயர்:

அப்ப அது கோட்டே இல்ல தம்பி. யாருக்கு வேணா பேர மாத்தி குடுக்கற அச்சு.

கோவைக்காரன்:

கம்பல்சரிங்கறது என்னாச்சுங்க? இவரு வேண்டாங்கறப்ப லோன நிறுத்திப்போட்டா?

வட்டிக்கணக்கு:

அடமானம் இருக்கற சொத்த இன்ஷூர் பண்ணி வெக்கணும்னு லோன் அக்ரிமென்ட்ல போட்டிருப்பாங்க, அது அவங்க உரிம. ஆனா எங்ககிட்டதான் வாங்கணும்னு சொல்ல முடியாது. நீங்க வெளில எடுத்துட்டு, பாலிசில பேங்க் பேர சேத்து ஒரு காப்பி குடுத்தா போதும். சிலர் லோன் கவர்னு லைஃப் இன்ஷூரன்ஸ் ஒண்ணையும் இதோட சேத்து தள்ளுவாங்க, அது வேற, குழப்பிக்காதீங்க. "எழுத்துல குடுங்க சார், கம்பல்சரின்னு"ன்னு ஒரு மெயில் போடுங்க. நான் போட்டப்ப பதிலே வரல, லோன் மட்டும் வந்துச்சு.

மாடிவீடு_மேடவாக்கம்:

அப்டேட். மெயில் போட்டேன். மறுநாள் ஃபோன் வந்துச்சு, "கம்பல்சரின்னு யாரு சார் சொன்னது, அட்வைஸ்தான் பண்ணோம்"னு. சிரிப்பு வந்துருச்சு.

நாயித்துக்கெழம வைஃபும் நானும் ரூம் ரூமா எழுதுனோம், 5.7 லட்சம் வந்துச்சு, கிரைண்டர்லேந்து பித்தள அண்டா வரைக்கும். ரெண்டு கம்பெனில நேரா கேட்டேன். ஒண்ணு வருஷத்துக்கு வருஷம் எடுக்கறது: பில்டிங் 30 லட்சத்துக்கு 750, பொருள் 6 லட்சத்துக்கு 300, திருட்டு 600, ஜிஎஸ்டி 297, ஆக 1,947. இன்னொண்ணு இதே கவர், இதே ரேட், அஞ்சு வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா பத்து பர்சென்ட் தள்ளி, வரியோட 8,762. ஆக்சிடென்ட் கவர் எடுக்கல, எனக்கு ஆபீஸ்ல இருக்கு, வைஃபுக்கு தனியா பாக்கணும். நகை பத்தி வீட்ல இன்னும் பேச்சு ஓடுது. இப்ப சொல்லுங்க, 41,300 எங்க 8,762 எங்க!

பழைய_சர்வேயர்:

அவசரப்படாதீங்க, அந்த ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சி ஒப்பிடக் கூடாது. நகை, ஆக்சிடென்ட், பிரேக்டவுன் மூணையும் எடுத்துட்டுதான் 8,762. பேங்க் கோட்லயும் அத எடுத்து, பில்டிங்க 30க்கும் பொருளையும் திருட்டையும் 6க்கும் கொறச்சிப் பாருங்க: 3,750, 1,500, 3,000, ஆக 8,250, வரியோட 9,735. ஆக வெலையில வித்தியாசம் ஆயிரம் ரூபாதான். ரேட்ல அவங்க உங்கள ஏமாத்தல. உங்களுக்கு எது வேணும்னு கேக்காம ஏத்திட்டாங்க, அதுதான் நடந்தது.

அஞ்சு வருஷமே எடுங்க, கையிலேந்து கட்டுங்க. நடுவுல வீட்ட வித்தாலும் கேன்சல் பண்ணலாம், 2024ல வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கப்படி இன்னும் ஆரம்பிக்காத வருஷங்களுக்கான பிரீமியத்த திருப்பித் தரணும். பாலிசியோட கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்னு ரெண்டு மூணு பக்கம் வரும், அதுல எக்சஸ் எவ்ளோன்னு பாருங்க. வாடகை வீட்டுக்குப் போக வேண்டி வந்தா அந்த வாடகையும் பாலிசில உண்டு, அதுக்கு எவ்ளோ மாசம்னு கேட்டு வைங்க.

தாமிரபரணி:

நாளைக்கி க்ளைம்ல இழுத்தடிச்சாம்னா எங்க போயி நிக்க?

பழைய_சர்வேயர்:

மொதல்ல கம்பெனிக்கே எழுத்துல. முப்பது நாள்ல பதில் இல்ல, இல்ல பதில் புடிக்கலன்னா இன்ஷூரன்ஸ் புகார விசாரிக்கற ஓம்பட்ஸ்மன். சென்னையில தேனாம்பேட்டை அண்ணா சாலையில ஆபீஸ். ஃபீஸ் கெடையாது, வக்கீலும் வேணாம், 50 லட்சம் வரைக்கும் பாப்பாங்க. பீமா பரோசான்னு ஐஆர்டிஏஐயோட புகார் வெப்சைட், அதுல ஆன்லைன்லயும் போடலாம்.

வாடகை_வாசி:

கேப்ல ஒரு கேள்வி, மழைக்கு செவுரு ஓதம் ஏறி பெயின்ட் உரியுது, அதுக்கு வருமா?

பழைய_சர்வேயர்:

வராது. ஓதம், கசிவு, தேய்மானம் எல்லாம் மெயின்டனன்ஸ். பைப் திடீர்னு வெடிச்சி தண்ணி கொட்டுனா வரும், கொஞ்சங் கொஞ்சமா கசிஞ்சா வராது. என்கிட்ட ரொம்ப அழுத கேஸுங்க இதுதான்.

முடிச்சூர்_அக்கா:

மாடிவீட்டுத் தம்பி, ஒண்ணு விட்டுட்டீங்க. உங்க வீடு ரெண்டாவது மாடி, தண்ணி உங்க சோபா வரைக்கும் வராது. ஆனா கீழ இருக்கற ஈபி பேனல், மோட்டர், லிஃப்ட்டு, ஜெனரேட்டர்? அதெல்லாம் யாரு பேர்ல இன்ஷூரன்ஸ்? 2023ல எங்க நாத்தனார் பள்ளிக்கரணைல மூணாவது மாடில காஞ்ச தரையில ஒக்காந்திருந்தா, தண்ணியும் இல்ல கரண்டும் இல்ல, பதினொரு நாள். அப்புறம் லிஃப்ட்டு ரிப்பேருக்குன்னு ஆளுக்கு 22,000 வசூல் பண்ணாங்க.

மாடிவீடு_மேடவாக்கம்:

ஐயோ, இது தோணவே இல்ல அக்கா. அசோசியேஷன் செகரட்டரி நம்பர் இருக்கு, கேட்டுட்டு வரேன்.

மாடிவீடு_மேடவாக்கம்:

கேட்டேன். 48 ஃபிளாட், இதுவரைக்கும் ஒரு பாலிசியும் இல்லயாம். இனிமே எடுக்கலாமே சார்னேன். "நீங்க மொதல்ல குடி வாங்க, இந்த வருஷம் வெளி பெயின்ட் அடிக்கறோம், அது முடியட்டும்"னாரு. வடகெழக்கு பருவமழ அதுவரைக்கும் வெய்ட் பண்ணுமான்னு கேக்க நெனச்சேன், புதுசா போற எடம், வாய மூடிக்கிட்டேன்.

சும்மா_எட்டிபாத்தேன்:

எந்தக் கலர் பெயின்ட்டுன்னு கேட்டீங்களா? தண்ணி நின்ன கோடு பளிச்சுனு தெரியற மாதிரி வெள்ளையா அடிக்கச் சொல்லுங்க.